அஞ்சரை வரை ராகு காலம்

என் மகள் ரோஷினி, தான் படிக்காத இரண்டு பாடங்களுக்காகப் பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டியிருந்த கடன் இரண்டாயிரத்து நூற்று எண்பத்து நான்கு டாலர். படித்ததற்குக் காசு கேட்டால் நியாயம். படிக்கவில்லை, விட்டுவிடுகிறேன் என்று சொன்னதற்கும் கேட்டார்கள். சொன்னது தப்பில்லையாம்; சொன்ன நேரம்தான் தப்பாம்.

நேரம் பார்ப்பதில் எங்கள் வீட்டைக் குறை சொல்ல ஆளில்லை. வினையே அங்கேதான் இருந்தது.

நான் கிட்டுசாமி. ஹூஸ்டன் ஹில்க்ராஃப்ட் தெருவில் ஒரு சைவ ஓட்டலில் தோசைக்கல்லுக்குப் பின்னால் நிற்கிறேன். காலையில் நின்றால் கடை சாத்தும்வரை முழங்கால் வாயைத் திறக்காது. வீட்டுக்குப் போய்த்தான் பேசும். பேச ஆரம்பித்தால் நிறுத்தாது. இங்கே இருந்த மச்சினன் எங்களுக்காகப் போட்ட விசா மனு பதின்மூன்று வருடம் ஊறிக் கிடந்து பழுத்த பிறகு, கரூரிலிருந்து குடும்பத்தோடு வந்தோம். மனைவி வசந்தாமணி நாலு கடை தள்ளி மளிகைக் கடையில் பருப்புப் பொட்டலம் போடுகிறாள். வரும்போது ஒன்பது வயதாக இருந்த ரோஷினி, இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். பாதிச் செலவை உதவித்தொகை தாங்குகிறது. மீதிக்குத் தவணை.

நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். மீசை நரைக்கத் தொடங்கிய பிறகு, கரூரில் ஒரு மெஸ்ஸில் வேலை பார்த்தபோதுதான் எழுத்துக் கூட்டக் கற்றேன். பாடப் புத்தகம், கல்லாவுக்கு மேலே தொங்கிய நாள்காட்டி. ஊருக்கெல்லாம் அ என்றால் அம்மா. எனக்கு ரா என்றால் ராகு, கு என்றால் குளிகை, எ என்றால் எமகண்டம். இன்றைக்கும் எதைப் படிப்பதற்கு முன்பும் கண் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் தேடும்.

எங்கள் முதலாளி சுவாமிநாதன் சாருக்கும் அதே நோய். ஆனால் படித்தவர் நோய். எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியராக இருந்து, ஆள்குறைப்பில் வெளியே வந்து ஓட்டல் வைத்தவர். அவர் கல்லாவுக்கு மேலேயும் சிவகாசியில் அச்சடித்த நாள்காட்டிதான். வருடா வருடம் யாராவது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானக் கூட்டம் கலைந்து, மேசைகளைத் துடைத்துப் போட்டிருந்த நேரம். ரோஷினி வகுப்பு முடிந்து நேராக ஓட்டலுக்கு வந்தாள். மூலை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மாவையும் போனில் கூப்பிட்டுவிட்டாள். வசந்தாமணி கை மாவைத் தட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு கோர்ஸ் டிராப் பண்ணப் போறேன்" என்றாள் ரோஷினி. "ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ்."

"டிராப்புன்னா?"

"வித்டிரா. விட்டுடறது. ஃபர்ஸ்ட் டெஸ்ட்ல ரெண்டுலயும் ஊத்திக்கிச்சு. இப்படியே போனா எஃப் வரும். எஃப் வந்தா ஸ்காலர்ஷிப் காலி. ஸ்காலர்ஷிப் காலின்னா காலேஜும் காலி."

வசந்தாமணி என்னைப் பார்த்தாள். நான் தோசைத் திருப்பியைப் பார்த்தேன்.

"ஏங்கண்ணு, அந்த ரெண்டும் இல்லீன்னா டாக்டருக்குப் படிக்க முடியுமா?"

"அம்மா, டாக்டர்னு நான் எப்பச் சொன்னேன்? நீங்கதான் பருப்பு வாங்க வர்ற எல்லா ஆன்ட்டிகிட்டயும் சொல்லி வெச்சிருக்கீங்க."

"சொன்னா என்ன இப்ப? சொன்ன வாய்க்கு நாலு பேரு மதிப்பாப் பேசுனாங்க. உன்ற படிப்புல எனக்குக் கெடச்சது அது ஒண்ணுதான்."

ஆனாலும் வசந்தாமணி கணக்குத் தெரிந்தவள். ஒரு பக்கம் ஆன்ட்டிகளின் மதிப்பு, மறுபக்கம் உதவித்தொகை. டீ ஆறுவதற்குள் எடை போட்டுவிட்டாள். "செரி, விட்டுரு. டாக்டரு புள்ளைக்கெல்லாம் மாப்பிள்ளை பாக்கறதும் சிரமம்."

ரோஷினி அம்மாவைக் கட்டிக்கொண்டு, பட்டன்மேல் விரலை வைத்தாள். திரையில் சிவப்பாக ஒரு பட்டன். அதை அமுக்கினால் பாடம் இரண்டும் போகும். இன்றைக்கே அமுக்கினால் அவற்றுக்கான கட்டணமும் கணக்கிலிருந்து போய்விடும் என்றாள். வசந்தாமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றேகால்.

"கைய எடு அம்மிணி."

"என்னம்மா?"

"செவ்வாக்கெழம. மூணுல இருந்து நாலர."

"ஓ மை காட். அம்மா, ராகு காலம் நல்ல காரியத்துக்குத்தானே? இது ஃபெயில் ஆகறதுல இருந்து தப்பிக்கிற காரியம். கெட்ட காரியத்துக்கு எதுக்கு நல்ல நேரம்?"

இது சாதாரணக் கேள்வியில்லை. கல்லாவில் சில்லறை பிரித்துக்கொண்டிருந்த சுவாமிநாதன் சார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பதில் நீளமாக வரும் என்று அர்த்தம்.

"நல்ல கேள்விம்மா. ஆனா ரெண்டு பாடத்தை விடறேன்னா என்ன அர்த்தம்? மிச்சப் பாடத்தை ஒழுங்காப் படிக்க ஆரம்பிக்கறேன்னு அர்த்தம். ஆரம்பம் வந்துடுத்தோ இல்லையோ? ராகு காலத்துல ஆரம்பிச்சா மிச்சமும் விளங்காது."

"அங்கிள், இட்ஸ் ஜஸ்ட் எ பட்டன்."

"ராக்கெட் விடறதும் பட்டன்தாம்மா. அதுக்கும் நேரம் பாக்கறாளா இல்லையா?"

ரோஷினி என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்க சொல்லுங்க."

நான் சொல்லியிருக்கலாம். ஆனால் எழுத்துக் கற்ற நாளிலிருந்து அந்தக் கட்டத்துக்குள் நான் ஒரு காரியமும் செய்ததில்லை. விமானமே ராகு காலத்தில் கிளம்பியபோதுகூட, ஒரு செருப்பைக் கழற்றிக் காலை மேலே தூக்கிக்கொண்டேன், கிளம்பியது நான் இல்லை என்பதுபோல.

"நாலரை வரைக்கும் பொறு சாமி. அப்பன் உங்கிட்ட இதுவரைக்கும் ஏதாச்சும் கேட்டிருக்கனா?"

பிள்ளை விரலை எடுத்துவிட்டாள். ஒரு ரவா தோசை கேட்டாள். முறுகலாக ஊற்றிக் கொடுத்தேன்.

நாலரை ஆனது. வசந்தாமணி கும்பிட்டுவிட்டு, "இப்ப அமுக்கு" என்றாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் முதலாளி.

அவர் நாள்காட்டிக்குக் கீழே நின்று, அதையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடைக்காலத்துல இந்த ஊர்க்காரா கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளி வெச்சுக்கறா. நவம்பர்லதான் திருப்புவா. இப்ப நம்ம கடிகாரம் நாலரை காட்டறது. சூரியனைக் கேட்டா மூணரைங்கும். ராகு கடிகாரத்தைப் பாத்தா வருவார்? சூரியனைப் பாத்துன்னா வருவார். அஞ்சரை வரைக்கும் ராகு காலம்தான்."

பத்து வருடமாக இந்த ஊரில் கோடைக்காலம் முழுக்க நான் தப்பான ராகு காலம் பார்த்து வந்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முழங்கால் வலிக்குக் காரணம் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

"அப்பா, இது டூ மச்" என்றாள் ரோஷினி. ஆனால் கோபமில்லை. "சரி, டெட்லைன் இன்னைக்குத்தான். ராத்திரி பதினொன்னு அம்பத்தொம்பது வரைக்கும் இருக்கு. அஞ்சரைக்கே அமுக்கறேன். எல்லாருக்கும் சந்தோஷமா?"

எல்லாருக்கும் சந்தோஷம். முதலாளி அவளுக்குக் காபி கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அஞ்சரை தாண்டி ஒரு நிமிடம் விட்டு, வசந்தாமணி முருகனைக் கூப்பிட, ரோஷினி அமுக்கினாள். திரையில் ஏதோ வந்தது. பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்த்தபோது அதைப் படிக்க எனக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

"என்னாச்சு கண்ணு?"

"கோர்ஸ் போயிடுச்சு. காசு போகல." அவள் குரல் சின்னதாகிவிட்டது. "ஃபீஸ் டெட்லைன் அஞ்சு மணியாம். ஹோம்வொர்க்குக்குத்தான் மிட்நைட். நான் எல்லாத்துக்கும் மிட்நைட்னு நெனச்சுட்டேன்."

வசந்தாமணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ராகு காலம் அஞ்சரைக்கு முடிஞ்சுது. நம்ம காலம் அஞ்சுக்கே முடிஞ்சுபோச்சாட்ட இருக்குதே!"

முதலாளி ரொம்ப நேரம் சில்லறையை எண்ணினார். பிறகு எழுந்து வந்து, "கிட்டு, இதுல என் பங்கும் இருக்கு. பாதிப் பணம் நான் தர்றேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வசந்தாமணி கையைக்கூடக் கூப்பிவிட்டாள். அவர் கல்லாவைத் திறக்கப் போனவர், நாள்காட்டியை நிமிர்ந்து பார்த்தார். கை நின்றது.

"செவ்வாய்க்கிழமை கல்லாவுலேர்ந்து பணம் வெளிய போகப்படாது. நாளைக்குப் பேசிக்கலாம்."

மறுநாள் அவர் வெங்காய விலை பற்றிப் பேசினார்.

கடனைக் கட்டாவிட்டால் ரோஷினியின் கணக்கைப் பூட்டிவிடுவார்களாம். பூட்டினால் அடுத்த பருவத்துக்குப் பாடம் பதிய முடியாது. பதியாவிட்டால் உதவித்தொகை இல்லை. எந்த உதவித்தொகையைக் காப்பாற்ற பாடத்தை விட்டாளோ, பாடத்தை விட்ட கடனால் அதே உதவித்தொகை போகப் போகிறது. நவம்பர் முதல் வாரம் பதிவு. எங்களிடம் இருந்த பணம் வாடகைக்கும் தவணைக்கும் போய், மிச்சம் பெட்ரோலுக்குக்கூட முணுமுணுத்தது.

அப்படியிருக்கும்போதுதான் ரோஷினி, "அப்பீல் பண்ணலாம்" என்றாள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய ஒரு குழு இருக்கிறதாம். காரணங்களை அவர்களே வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் புள்ளி வைக்க வேண்டியதுதான். நோய், நெருங்கிய உறவினர் சாவு, ராணுவ சேவை, மத அனுஷ்டானம்.

"நோய்னு போடு" என்றேன். "அப்பனுக்கு நெஞ்சு வலின்னு எழுதிரு."

"வாயக் கழுவுங்க" என்றாள் வசந்தாமணி. "எழுதுனா அப்படியே நடந்துரும். அப்பறம் ஆஸ்பத்திரிக்கு யாரு கட்டறது?"

"அப்ப முட்டி வலின்னு போடட்டும். அது ஏற்கெனவே நடந்துட்டுதான இருக்குது."

"அப்பா, உங்க முட்டிக்கும் என் பட்டனுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பாங்க. நான் ரிலிஜியஸ்னு போடப் போறேன்."

வசந்தாமணிக்கு வெட்கமாகிவிட்டது. "ஐயோ வேண்டாம். வெள்ளக்காரங்க படிச்சுட்டுச் சிரிப்பாங்க. பொய்யாட்ட இருக்கும்."

"எது பொய்? ராகு காலம்னு நீங்க சொன்னீங்க. நான் வெயிட் பண்ணேன். நான் அதை நம்பலை. ஆனா வெயிட் பண்ணது உண்மைதானே?"

அடுப்பில் ஒன்றுமில்லாமலே போய் அடுப்பைத் துடைத்தேன்.

அத்தாட்சி கேட்டிருந்தார்கள். கோயில் குருக்களிடம் போனோம். அவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "ராகு காலத்துக்கெல்லாம் சர்டிபிகேட் கொடுக்கற வழக்கமில்லை. வேணும்னா ஒரு அர்ச்சனை பண்ணி ரசீது தர்றேன்" என்றார். அர்ச்சனை செய்தோம். ரசீதில் ராகு இல்லை.

பிறகு வசந்தாமணிக்கு ஞாபகம் வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளை முதலாளி கிழித்துப் போட்டபோது, அவள்தான் எடுத்துவந்து விபூதி மடித்து வைத்திருந்தாள். விபூதியைக் கொட்டி, தாளை இஸ்திரி போட்டு நிமிர்த்தினோம். ரோஷினிக்குத் தமிழ் பேசத்தான் வரும். நான் வாசிக்க, அவள் இங்கிலீஷில் தட்டினாள்.

"செவ்வாய். தேய்பிறை. ராகு மூணு முதல் நாலரை..."

தட்டிய கை நின்றது. "நாலரையா? அப்பா, டெட்லைன் அஞ்சு. இதைப் படிச்சா, அரை மணி நேரம் சும்மாதானே உக்காந்திருந்தேன்னு கேப்பாங்க."

எங்கள் ஒரே சாட்சி, எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொன்னது.

"கீழ வேற ஏதோ எழுதியிருக்கே?"

"ராசி பலன். உன்ற ராசிக்கு அன்னைக்கு..." எழுத்தைக் கூட்டினேன். "தன வரவு."

"அதை டிரான்ஸ்லேட் பண்ணல" என்றாள்.

வேறு வழியில்லாமல் முதலாளியிடமே போனோம். பணம் கேட்கத்தான் வருகிறோம் என்று நினைத்து அவர் முதலில் போனில் பேசுவதுபோல் பாவனை செய்தார். வந்த காரியம் கடிதம் என்று தெரிந்ததும் முகம் பூத்துவிட்டது. ஆள்குறைப்புக்குப் பிறகு யாரும் அவரிடம் தொழில்நுட்ப அறிக்கை கேட்டதில்லை. இரண்டு நாள் கல்லாவில் தன் கடைசி மகனை உட்காரவைத்துவிட்டு, சிவகாசி சூரியனுக்கும் ஹூஸ்டன் சூரியனுக்கும் உள்ள உறவை மூன்று பக்கம் எழுதினார். வட்டம் போட்டு, கோடு போட்டு, ராகு நிற்கும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. கீழே பழைய கம்பெனிப் பதவியோடு கையெழுத்து.

கொடுக்கும்போது என்னை மட்டும் மாவு அரைக்கும் அறைக்குக் கூப்பிட்டார்.

"கிட்டு, ஒரு சின்ன சமாசாரம். அன்னைக்கு அவசரத்துல ஒரு மணி மட்டும் தள்ளினேன். இப்ப சூரிய உதயம், அஸ்தமனம் எல்லாம் வெச்சு முறையாப் போட்டேன். அன்னைக்கு ராகு காலம் அஞ்சரைக்கு முடியலை. கிட்டத்தட்ட ஆறு மணிக்குத்தான் முடிஞ்சிருக்கு."

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சரியாகத்தான் கேட்டது.

"அப்ப எம்புள்ள அமுக்குனது?"

"நட்ட நடு ராகு காலம்னு சொல்ல மாட்டேன். கடைசிப் பகுதின்னு வெச்சுக்கோயேன். கடிதாசுல அதை எழுதலை. உன் ஆத்துக்காரிகிட்டயும் சொல்லிண்டிருக்காதே."

இன்று வரை சொல்லவில்லை. 

அப்பீல் போனது. போனதோடு சத்தமில்லை. ரோஷினி மிச்சமிருந்த பாடங்களைப் படித்தாள். மதிப்பெண்கூட நன்றாக வந்தது. ராகு காலத்தில் ஆரம்பித்த படிப்பு விளங்காது என்று சொன்னவரிடம் அதைக் காட்டவில்லை. வசந்தாமணி ஆன்ட்டிகளிடம், "டாக்டருக்கெல்லாம் இப்ப முன்ன மாதிரி மரியாத இல்லீங்க" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள்.

அக்டோபர் கடைசியில் பதில் வந்தது. அன்றைக்கும் ரோஷினி ஓட்டலில் மூலை மேசையில்தான் இருந்தாள், வசந்தாமணி டீ குடிக்க வந்திருந்தாள், கிழமையும் செவ்வாய்தான். ரோஷினி ஒரு தடவை மனசுக்குள் படித்து, "அம்மா" என்று கத்தி, பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"'உங்கள் குடும்பத்தின் புனித நேரத்தை எங்கள் காலக்கெடு கருத்தில் கொள்ளாததற்கு வருந்துகிறோம். திரு. சுவாமிநாதனின் விளக்கம் எங்களுக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது.' ஃபீஸ் முழுசும் தள்ளுபடி!"

"ராகு காலம் புனித நேரமாமா?" என்றாள் வசந்தாமணி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. "ராகுவே கேட்டா நம்ப மாட்டாரு."

முதலாளி, 'மிகவும் பயனுள்ளதாக' என்ற இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

"இன்னும் இருக்கு" என்றாள் ரோஷினி. "இனிமேல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்கு எக்ஸாம் வைக்க மாட்டாங்களாம். அப்புறம்..." நிறுத்தினாள். "இதை நான் அக்செப்ட் பண்ணணும். இன்னைக்கே. அஞ்சு மணிக்குள்ள. இல்லைன்னா கேன்சல்."

எல்லாருடைய கண்ணும் கடிகாரத்துக்குப் போனது. நாலேகால். கடிகாரத்தைக் கேட்டாலும், சூரியனைக் கேட்டாலும், முதலாளியின் மூன்று பக்கத்தைக் கேட்டாலும் ராகு காலம்தான். தப்பிக்க ஒரு சந்து இல்லை.

எனக்குத் தெரிந்த சங்கதி எனக்கு. பிள்ளையின் விரல் பட்டன்மேல் இருந்தது. கண் என்மேல் இருந்தது. நான் சொன்னால் இப்போதும் எடுத்துவிடுவாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா ரோஷினி, ஒரு நிமிஷம். இப்ப பகல் குறைஞ்சுடுத்து, அஞ்சு இருபது வரைக்கும் பாத்தா..."

"நீங்க காப்பியக் குடிங்க சார்" என்றாள் வசந்தாமணி. அவள் அவரைப் பார்க்கவே இல்லை. கிளாஸை மேசைமேல் ஓங்கி வைத்தாள். "கடன் ஒழியறதுக்கு எந்த ராகு வந்து குறுக்க நிக்கறாருன்னு பாத்தரலாம். நீ அமுக்கு அம்மிணி."

ரோஷினி அமுக்கினாள்.

திரை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பாக்கி என்ற இடத்தில் ஒரு சுழி மட்டும் இருந்தது. நான் கல்லில் தண்ணீர் தெளித்தேன், சுர்ரென்று அடங்கியது. பிள்ளை வழக்கம்போல் ரவா தோசை கேட்டாள்.